கேளுங்கள், சொல்கிறேன்: கப்பல் இருந்தும் தோற்பது ஏன்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: கணினி ஆட்டங்களில் கடலோர நாகரிகத்தை எடுத்து ஆடுவது. நாகப்பட்டினத்தில் கணினி மையம் நடத்திய காலத்திலிருந்து நான் விரும்பி ஆடுவதும் அதைத்தான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடும்போது எப்பவும் திராவிடர்களைத்தான் எடுப்பேன். நம்ம ஆளுங்க என்ற பாசம். தீவு மேப்பில் ஜெயிக்கிறேன். நிலம் மட்டுமே உள்ள அரேபியா மேப்பில் ஃபிராங்க்ஸ் எடுத்தவன் குதிரையோடு வந்து சீக்கிரமே முடித்துவிடுகிறான். திராவிடர்கள் சொத்தை நாகரிகமா?
*– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மயிலாடுதுறை*

சொத்தை என்று சொல்லாதே தம்பி. உன் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

2022-ல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பு வெளிவந்தபோது சேர்ந்தவர்கள் திராவிடர்கள். யுகம் மாறும்போதெல்லாம் இவர்களுக்கு 200 மரம் இலவசமாக வந்து விழும். மூன்று முறை மாறினால் 600. ஒரு டாக் (படகுத்துறை) கட்ட 150 மரம், ஒரு மீன்பிடிப் படகுக்கு 75 மரம் என்று கணக்குப் போட்டால் அதன் அருமை தெரியும். எதிராளி இரண்டாம் யுகமான ஃப்யூடல் ஏஜுக்கு வந்த பிறகு மரம் வெட்டிச் சேர்த்துத்தான் அடுத்த டாக்கைக் கட்ட வேண்டும். உனக்கு அந்த நொடியிலேயே கட்டலாம். மீன் பிடிக்கும் ஆட்களும் படகுகளும் 15 உணவு கூடுதலாகச் சுமப்பார்கள். மீன் இருக்கும் இடத்துக்கும் டாக்குக்கும் தூரம் கூடக்கூட இந்தச் சலுகையின் மதிப்பும் கூடும், நடை குறைகிறது அல்லவா? டாக் ஒவ்வொன்றும் 5 பேருக்கு இடமும் கொடுக்கும். அது உன் கூட்டாளிகளுக்கும் சேர்த்து. அப்படியென்றால் வீடு கட்டும் மரமும் மிச்சம். கடைசி யுகத்தில் திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் வேறு. தீவு மேப்பில் நீ ஜெயிப்பதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது அரேபியாவுக்கு வா. அங்கே சலுகைகளில் பாதி செத்துவிடும். மீன் இல்லை, டாக் இல்லை. 200 மரம் மட்டும் வரும். எதிரே நிற்கும் ஃபிராங்க்ஸ் குதிரைப்படைக்கென்றே வடிவமைத்த நாகரிகம். உனக்கோ நைட் (கனத்த குதிரைவீரன்) வரிசையே கிடையாது. யானைகள் உண்டு, ஆனால் ஓடிப் பிடிக்கும் வேலைக்கு யானை ஆகாது. மரம் வெட்டும் இடத்தில் நாலு நைட் புகுந்து ஆட்களை வெட்டிவிட்டுப் போனால், துரத்த உன்னிடம் ஆள் இல்லை. உன் தோல்வியின் காரணம் அதுதான்.

ஆட்டத்தைச் செய்தவர்கள் இதைச் சும்மா வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் ஊர் வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டுக்குக் குதிரை எப்போதும் வெளியிலிருந்து வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பொருட்களைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்தும்போது, கடல் வழியாக வந்த குதிரைகளைத்தான் முதலில் வைக்கிறது. மிளகும் பொன்னும் முத்தும் அதற்குப் பிறகுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். ஆக, குதிரையே வேண்டுமானாலும் நம்மவர்களுக்குக் கடல்தான் வழி. கடலை எடுத்துவிட்டால் குதிரையும் இல்லை. அரேபியா மேப்பில் உனக்கு நடப்பது அதுவேதான்.

சரி, என்ன செய்யலாம்? திராவிடர்களுக்கு பேரக்ஸ் (காலாட்படைக் கூடம்) ஆராய்ச்சிகள் எல்லாம் பாதி விலை. ஃபிராங்க்ஸ் என்று தெரிந்த உடனேயே ஈட்டிக்காரர்களைத் தயார் பண்ணு. மூன்றாம் யுகமான காசில் ஏஜ் தொட்டதும், ஈட்டிக்காரனை மேம்படுத்தும் பைக்மேன் ஆராய்ச்சியைப் பாதி விலைக்குப் போட்டுவிடலாம். எதிராளி ஒரு நைட்டுக்கு 60 உணவும் 75 தங்கமும் கொட்டுகிறான். உன் ஈட்டிக்காரனுக்குத் தங்கமே வேண்டாம். ஃப்யூடல் ஏஜில் வரும் 200 மரத்தில் ஒரு பகுதியை மரவேலிக்கு ஒதுக்கு. மரம் வெட்டும் இடத்தையும் தங்கத்தையும் வேலிக்குள் கொண்டுவந்துவிட்டால் முதல் அலை உள்ளே வர முடியாது. பிறகு ஊட்ஸ் ஸ்டீல் ஆராய்ச்சி வரும்வரை தாக்குப்பிடி. அது வந்துவிட்டால் உன் காலாட்படையின் அடி எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காது. உருமி (சுருள்வாள்) வீசுபவன் முதல் வீச்சில் சுற்றி நிற்கும் நாலு பேரையும் சேர்த்து அடிப்பான். அதுவரை நீ உயிரோடு இருந்தால் ஃபிராங்க்ஸ்தான் பயப்பட வேண்டும்.

எண்கள் அப்டேட்டுக்கு அப்டேட் கொஞ்சம் மாறும். ஆட்டத்தைத் திறக்கும்போது ஒருமுறை டெக் ட்ரீயை (ஆராய்ச்சிப் பட்டியலை) பார்த்துக்கொள்.

தீவு மேப்பில் ஆட எந்த நாகரிகம் சிறந்தது? நான் நிறைய மீன்பிடிப் படகு விடுகிறேன். ஆரம்பத்தில் நன்றாகப் போகிறது, நடுவில் திடீரென்று உணவு இல்லாமல் படுத்துவிடுகிறது.
*– கல்லூரி மாணவி, காரைக்கால்*

முதல் பாதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியர்களுக்கு மீன்பிடிப் படகு 15 மரம் மலிவு, டாக் ஆராய்ச்சிகளும் மலிவு. ஜப்பானியர்களின் படகுக்கு இரு மடங்கு உயிர், மீனையும் வேகமாகப் பிடிக்கும். வைகிங்குகளுக்குப் போர்க்கப்பல் விலை குறைவு, தள்ளுவண்டி ஆராய்ச்சியும் இலவசம். போர்த்துகீசியர்களுக்குக் கப்பல் உறுதி, தங்கச் செலவு குறைவு. என்னைக் கேட்டால், புதிதாக ஆடுபவர்களுக்கு ஜப்பான். மீன்பிடிப் படகு சாகாமல் இருப்பதுதான் தீவு மேப்பில் பாதி வெற்றி.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம். கடலோர நாகரிகத்தின் பெரிய பலவீனமே அங்கேதான் இருக்கிறது. மீன் தீர்ந்துவிடும். வயலில் விளைச்சல் முடிந்தால் மரம் போட்டு மறுபடி விதைக்கலாம். நடுக்கடல் மீன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீன் பொறி கட்டலாம், ஆனால் அது மரத்தை விழுங்கும், வேகமும் குறைவு. அப்புறம், கடலில் வேலி போட முடியாது. கரையில் ஆட்களை மதிலுக்குள் வைத்துக் காப்பாற்றலாம், மணி அடித்து ஊர் மையமான டவுன் சென்டருக்குள் ஓட வைக்கலாம். கடலில் எதிராளியின் ‘கேலி’ (galley என்ற, அம்பு எய்யும் போர்க்கப்பல்) வந்தால் உங்கள் படகுகள் எல்லாம் வெட்டவெளியில்தான் நிற்கும்.

நம் பக்கத்து வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையேறும், வலை பின்னுவதும் இன்ஜின் பார்ப்பதுமாக நாள் போகும். மேட்டூரைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் ஒழுங்காக வந்த வருஷத்தில், படகு கடலுக்குக் கிளம்புவதும் குறுவை வேலை சூடு பிடிப்பதும் ஒரே வாரத்தில் நடக்கும். டெல்டாவின் கடலோர ஊர்களில் ஒரே வீட்டில் ஒருவர் படகிலும் ஒருவர் வயலிலும் இருப்பது சாதாரணம். ஒரு பக்கம் படுத்தால் மறு பக்கம் தாங்கும். ஆட்டத்திலும் அப்படித்தான் ஆட வேண்டும். மீன் முழுவதும் தீர்ந்த பிறகு வயலுக்கு மாறினால் காலம் கடந்துவிடும். பாதி மீன் கையில் இருக்கும்போதே, டவுன் சென்டரைச் சுற்றி ஒவ்வொன்றாக வயல் போட ஆரம்பியுங்கள். மீன்பிடிப் படகு எத்தனை இருக்கிறதோ, அதில் பாதி அளவு வயல் காசில் ஏஜுக்குள் வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. அந்த நேரத்தில் புதிதாக மீன்பிடிப் படகு கட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த மரத்தைப் போர்க்கப்பலுக்குக் கொடுங்கள்.

போர்க்கப்பல் விஷயத்தில் ஒன்று மட்டும். கேலி தூரத்திலிருந்து அடிக்கும், நெருப்புக் கப்பல் கிட்டே வந்தால் அதை எரித்துவிடும். எதிராளி கேலி மட்டும் கட்டுகிறான் என்று தெரிந்தால் நெருப்புக் கப்பலைக் கூட்டமாக அனுப்புங்கள், ஒன்றிரண்டாக அனுப்பினால் கிட்டே சேரும் முன்பே மூழ்கிவிடும்.

‘சிவிலைசேஷன் 6’ ஆடுகிறேன். கடலோரம் நகரம் அமைத்தால் பணம் வருகிறது, உணவு வருகிறது. ஆனால் ஒரு கட்டடம் கட்டி முடிக்க யுகம் ஆகிறது. கடலோரம் நகரம் கட்டுவதே தப்பா?
*– மென்பொருள் ஊழியர், சொந்த ஊர் வேதாரண்யம்*

தப்பில்லை. ஆனால் கடற்கரையில் எங்கே கட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் வெறும் கடற்கரைக் கட்டம் ஒன்றுக்கு ஓர் உணவு, ஒரு பொன். உற்பத்தி பூஜ்ஜியம். குன்றும் காடும் உள்ள உள்நாட்டு நகரம் உங்களை முந்திவிடுவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. நன்னீர் இல்லாத கடலோர நகரத்துக்கு ஆரம்பக் குடியிருப்பு (மக்கள் வாழ இடம்) 3, ஆற்றங்கரை நகரத்துக்கு 5. அதனால் ஆறு கடலில் கலக்கும் கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். பூம்புகார் இருந்த இடம் அது. அங்கே அமைத்தால் நன்னீரால் 5 குடியிருப்பு, நகர மையத்தை ஒட்டித் துறைமுகம் கட்டினால் அதற்குக் கூடுதலாக 2 பொன். பக்கத்தில் மீனோ நண்டோ இருந்தால் அதற்கும் சேர்த்துக் கிடைக்கும். பிறகு துறைமுகத்தில் கப்பல் கட்டும் தளம் கட்டினால், அந்தத் துறைமுகத்துக்குக் கிடைக்கும் கூடுதல் பொன் எவ்வளவோ அவ்வளவு உற்பத்தியும் வரும். நீங்கள் தேடிய உற்பத்தி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. துறைமுகத்தை நகர மையத்திலிருந்து தள்ளி, தனியாகக் கட்டுபவர்களுக்கு அந்த 2 கிடைக்காது. ஆடுபவர்களில் பலர் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

நாகரிகங்களைப் பொறுத்தவரை, ஃபினீசியாவை எடுத்து ஆடிப் பாருங்கள். கொத்தோன் என்ற அவர்களுடைய துறைமுகம் கப்பல்களையும் குடியேறுபவர்களையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் செய்யும். தலைநகர் இருக்கும் கண்டத்திலேயே கடலோரம் அமைத்த நகரங்கள் கலகம் செய்து பிரியாது. கண்டத்தின் உள்பக்கம் அமைத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதை மறந்துவிடாதீர்கள். போர்த்துகல் பணம் பண்ண மிகச் சிறந்தது. வெளிநாட்டு வணிகத்தில் ஒன்றரை மடங்கு வரும். ஆனால் அவர்களுடைய வணிகர்கள் கடலோர நகரங்களுக்கும் துறைமுகம் உள்ள நகரங்களுக்கும் மட்டுமே வெளிநாட்டு வணிகம் செய்யப் போக முடியும். அண்டை நாட்டான் கண்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தால் போர்த்துகல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாவோரிகளை எடுத்தால் நடுக்கடலில் தொடங்குவீர்கள், பிடித்த கரையைத் தேடிப் போகலாம், அந்தச் சுகமே தனி.

நீங்கள் வேதாரண்யம் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. ‘கேதரிங் ஸ்டார்ம்’ என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்து ஆடினால், கடல் மட்டம் ஏறும். தாழ்வான கரைக் கட்டங்கள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஏற ஏற அவை ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போகும். வெள்ளத் தடுப்பு அரண் கட்டலாம், ஆனால் அதற்குக் கணினித் தொழில்நுட்பம் வரை காத்திருக்க வேண்டும், ஆபத்தில் இருக்கும் கட்டங்கள் கூடக்கூட விலையும் ஏறும். புயலும் வரும். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா கரை கடந்ததைப் பார்த்த யாருக்கும் ஆட்டத்தில் புயல் குறி தோன்றும்போது நெஞ்சு ஒரு நொடி நிற்கும். எனக்கு நிற்கிறது. உப்பளமும் தென்னந்தோப்பும் என்ன ஆயின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாழ்வான கட்டத்தில் முக்கியமான கட்டடத்தை வைக்காதீர்கள், பின்னால் மேட்டில் வையுங்கள்.

கேள்வி கேட்கும் வயது தாண்டிவிட்டது, இருந்தாலும் பேரன் ஆடுவதைப் பார்த்துக் கேட்கிறேன். ராஜேந்திர சோழனின் கடற்படையை இந்த ஆட்டங்கள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா? கப்பல் பலம் மட்டும் இருந்தால் கடல் கடந்து ஜெயிக்க முடியுமா?
*– ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்*

ஐயா, வணக்கம். உங்கள் கேள்விக்காகவே மற்ற கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ல் ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு போர்த்தொடர் இருக்கிறது. கப்பலும் கடற்போரும் மனதுக்கு நிறைவாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு: கடலோர நாகரிகம் என்றால் கப்பலும் மீனும் வணிகமும் மட்டும் என்று வைத்துவிடுகிறார்கள். சோழர்களைக் கடலில் நிறுத்தியது நெல் என்பதை எந்த ஆட்டமும் காட்டவில்லை.

நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள், நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 1025-ல் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பிய அரசின் தலைநகரம் கடற்கரையில் இல்லை. தஞ்சாவூரிலிருந்தும் கடல் தெரியாது, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தும் தெரியாது. ஆட்டத்தில் எந்தக் கடலோர நாகரிகமும் இப்படித் தொடங்காது. பின்னால் காவிரி வயல்கள், முன்னால் நாகப்பட்டினம். கப்பல் கட்ட மரம் வேண்டும், கட்டுபவனுக்குச் சோறு வேண்டும், மாதக்கணக்கில் கடலில் போகிறவனுக்கு அரிசி வேண்டும். அதைக் கொடுத்தது வயல்.

ஆனைமங்கலம் செப்பேடுகள் சொல்லும் செய்தியே இதற்கு நல்ல சான்று. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டினான். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். கடல் கடந்து வந்த அரசன் கடற்கரையில் எழுப்பிய விகாரம், டெல்டா ஊர் ஒன்றின் நெல் வருவாயில் நடந்தது. கொஞ்ச காலத்தில் அதே ஸ்ரீவிஜயத்தின் மீதுதான் ராஜேந்திரன் படை அனுப்பினான் என்பது வேறு கதை.

எதிர்ப்பக்கத்துக்குத் தரங்கம்பாடியைப் பாருங்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனியர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கப்பல் இருந்தது, துறை இருந்தது, துணியும் மிளகும் வாங்கிப்போக வணிகம் இருந்தது. பின்னால் சொல்லிக்கொள்ள நிலம் இல்லை. 1845-ல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்துப் போர்த்துகீசியர்களை 1658-ல் டச்சுக்காரர்கள் துரத்தினார்கள், டச்சுக்காரர்களிடமிருந்து 1781-ல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். நம் கடற்கரையில் கோட்டை கட்டிய வெளிநாட்டார் கணக்கை எடுத்தால், உள்ளே நிலத்தையும் பிடித்தவர்கள்தான் நிலைத்தார்கள்.

காற்றையும் ஆட்டம் விட்டுவிடுகிறது ஐயா. இந்த இரண்டு ஆட்டங்களிலும் கப்பல் எந்த மாதமும் எந்தத் திசையிலும் போகும். உண்மையில் பருவக்காற்றுக்குக் காத்திருந்து போய், காற்று திரும்பும்வரை அங்கே தங்கி, பிறகுதான் வர வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் புயல் எழுந்தால் நம் கடலில் யாரும் விளையாட்டுக்குக்கூடப் படகு இறக்க மாட்டார்கள். அந்தக் காத்திருப்பையும் ஆட்டத்தில் வைத்தால் ராஜேந்திரன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பேரனுக்குப் புரியும். அதுவரை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள் ஐயா, ஆட்டம் விட்ட இடத்தை நிரப்ப உங்களைவிட வேறு ஆள் இல்லை.

‘சிவிலைசேஷன் 7’-ல் சோழர்கள் வந்திருக்கிறார்களாமே, உண்மையா?
*– வாசகர், மன்னார்குடி*

உண்மை. 2025 பிப்ரவரியில் வந்த ஆட்டத்தில், நடு யுகமான எக்ஸ்ப்ளோரேஷன் ஏஜில் சோழர்கள் இருக்கிறார்கள். கலம் என்றே பெயர் வைத்த கப்பல் உண்டு, தஞ்சைப் பெரிய கோயில் அதிசயமாக உண்டு. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று நம் வணிகக் குழுக்களின் பெயரிலேயே கட்டடங்கள் வைத்து, இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு வட்டாரம் அமையும்படி செய்திருக்கிறார்கள். கல்வெட்டில் படித்த பெயர்களைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பெயரளவில் நிற்காமல் வணிகர்களை மையத்தில் வைத்திருக்கிறார்கள், அது சரியான பார்வை.

எங்கள் வீட்டில் கணினி இல்லை. போனில் இவற்றை ஆட முடியுமா?
*– பத்தாம் வகுப்பு மாணவி, திருத்துறைப்பூண்டி*

‘சிவிலைசேஷன் 6’ ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. கொஞ்சம் நல்ல போனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் பின்னால் போகப்போகச் சூடாகும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மொபைல்’ என்று 2024-ல் வந்தது பெயரில் மட்டும்தான் ஒன்று, மேலே நான் சொன்ன டாக்கும் மீன்பிடிப் படகும் அதில் அப்படி நடக்காது. ‘சிவிலைசேஷன் 6’-ஐயே எடும்மா, பரீட்சை முடிந்த பிறகு.